அங்கி வந்தால் போகவேண்டிய கடிகாரம்

சபர்கலியிடம் மணி கேட்டால் பதில் உடனே வராது. முதலில் சட்டைக் கையைச் சுருட்டுவார். மணிக்கட்டில் இரண்டு சுற்றாகச் சுற்றியிருக்கும் தோல்வாரைக் கொஞ்சம் நகர்த்திக் கடிகாரத்தைப் பார்ப்பார். உதடு அசையாமல் வாய்க்குள் மூன்றைக் கூட்டுவார். அப்புறம்தான் சொல்வார். அவர் இருந்தது கசாக் புல்வெளியில், கராசு கிராமத்தில், அர்கலிக் நகரத்திலிருந்து அரை நாள் பயணம். கடிகாரம் ஓடியது மாஸ்கோ நேரத்தில்.

"முள்ளைத் திருப்பி வச்சா என்ன, ஒடஞ்சா போயிடும்?" என்று அவர் மனைவி ராபிகா கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டாள்.

"நம்மளுதா இருந்தா திருப்பலாம். அடுத்தவங்க சாமான். அவங்க எப்படி வச்சாங்களோ அப்படியே இருக்கணும்."

சபர்கலி எப்படிப்பட்டவர் என்று கேட்பவர்களுக்கு ராபிகா இந்தப் பதிலைத்தான் சொல்வாள். நாற்பது வருஷம் கூட்டலிலேயே வாழ்ந்தவர் அவர். மற்றபடி கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டினார். பண்ணை கலைந்த பிறகு சொந்தமாகக் கொஞ்சம் ஆடு வைத்திருந்தார். டீயை ஊதாமல் குடிப்பார். கூட்டத்தில் பேச மாட்டார். டிராக்டரோடு நிறையப் பேசுவார்.

அந்தப் புல்வெளியில் விண்வெளிக்குப் போன ஆள் வானத்திலிருந்து இறங்குவது புதிதில்லை. பாராசூட் தெரியும், பின்னாலேயே ஹெலிகாப்டர்கள் வரும், ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். பாராசூட் துணியில் கொஞ்சம் யாராவது வெட்டிக்கொள்வார்கள். கராசுவில் அந்தத் துணியில் தைத்த தலையணை உறை இல்லாத வீடு குறைவு.

அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது குளிர்காலத்தில் ஒருநாள், காற்று ஹெலிகாப்டர்களை நெருங்கவிடவில்லை. சபர்கலி டிராக்டருக்குப் பின்னால் சறுக்குப்பலகையில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு குளிர்காலப் பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். பனிப்புழுதிக்குள் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. செத்த குதிரை என்று நினைத்துக் கிட்டே போனார். கரி பிடித்த பெரிய கெண்டி ஒன்று சாய்ந்து கிடப்பதுபோல் விண்கலம் கிடந்தது. அதன் பக்கத்தில் விண்ணுடுப்போடு இரண்டு பேர். இளையவர் உட்கார்ந்திருந்தார். மூத்தவர் பனியில் முகம் வைத்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

மூத்தவர் பெயர் மத்வேய். நிற்க முடியவில்லை. கால் இருப்பதையே உடம்பு மறந்துவிட்டதுபோல் மடிந்து மடிந்து விழுந்தார். சபர்கலி வைக்கோலைத் தோண்டிக் குழி செய்து இருவரையும் அதில் உட்கார வைத்தார். தன் அங்கியைக் கழற்றி மத்வேயின் மேல் போர்த்தினார். பிறகு வெறும் கம்பளிச் சட்டையோடு இருவருக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்.

அந்த அங்கி ராபிகா தைத்தது. ஒட்டக மயிர் அடைத்து, கல்யாண மெத்தைக்கு வாங்கியதில் மிஞ்சிய சிவப்புப் பூப்போட்ட துணியை உள்ளே கொடுத்து, புருஷனுக்கு அவள் முதன்முதலாகத் தைத்த உடுப்பு. இடது அக்குள் கோணிவிட்டது. அவருக்கு அது தெரியும். சொன்னதில்லை.

வைக்கோலுக்குள் என்ன பேசினீர்கள் என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். சபர்கலிக்குத் தெரிந்த ரஷ்யன் டிராக்டரைத் திட்டப் போதுமானது. "உருளைக்கிழங்கைப் பத்திப் பேசினோம்" என்பார். அது பொய்யில்லை. கூடவே மத்வேய் தன் மகளைப் பற்றியும் சொன்னார். ஆறு வயசு. அப்பாவின் கடிகாரத்தைக் கவிழ்த்துப் போட்டு, முதுகில் ஆணியால் பூனை கீறிவிட்டாள். அம்மாவிடம் அடி வாங்கினாள். அதைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது மத்வேய் விடவில்லை. பூனையோடுதான் மேலே போய்வந்தார்.

காற்று தணிந்ததும் ஹெலிகாப்டர்கள் எல்லாம் ஒன்றாக வந்தன. டாக்டர்கள், ராணுவத்தார், கூச்சல். தூக்குப் படுக்கையில் கிடத்தியபோது மத்வேய் அங்கியைக் கழற்றப் பார்த்தார். சபர்கலி கையைப் பிடித்துத் தடுத்தார். போர்த்திய அங்கியைத் திரும்ப வாங்குகிற பழக்கம் அந்த மண்ணில் கிடையாது. போர்த்திக்கொண்டவர் பதிலுக்கு ஏதாவது கொடுப்பார். கேட்கமாட்டார்கள், ஆனால் கொடுப்பார். மாஸ்கோக்காரருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்தும் அவர் விண்ணுடுப்பின் கைமேல் கட்டியிருந்த கடிகாரத்தை அவிழ்த்தார். உடுப்புக்கு மேலே கட்டுவதற்காக நீளமாக வைத்த வார். சுருட்டி சபர்கலியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கி மூடினார். ஹெலிகாப்டர் ஏறிப் போய்விட்டது.

நீலம் பாரித்த உதடுகளோடு வீட்டுக்கு வந்தவரை ராபிகா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அங்கி எங்க?"

"வானத்துலருந்து வந்தவருக்குக் குடுத்துட்டேன்."

"அவ்வளவு பெரிய வானம். ஆள் வந்து இறங்கறதுக்கு என் அங்கிதான் கெடச்சுதா?"

அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அவள் பார்த்தாள். கறுப்பு முகம், வெள்ளை முட்கள், பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டங்கள். காதில் வைத்தாள். ஓடியது.

கலத்தோடு வந்த சாமான்களைச் சேகரிக்க மறுவாரம் அதிகாரிகள் வீடு வீடாக வந்தபோது அது மாவு மூட்டைக்குள் இருந்தது. அவர்கள் தலையணை உறைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

"அவர் குடுத்ததுதானே, எதுக்கு ஒளிக்கணும்?" என்றாள் ராபிகா.

"குடுத்தாரு. ஆனா அவசரத்துல குடுத்தாரு. அங்கி அவர்கிட்ட இருக்கு, இது என்கிட்ட இருக்கு. அங்கி வந்தா இது போகணும். அதுவரைக்கும் அமானிதம், நம்பி விட்டுட்டுப் போன பொருள்."

"அங்கி எங்க வரப்போகுது?"

"வரலாம், வராமலும் போகலாம். என் கையில என்ன இருக்கு?"

"கடிகாரம் இருக்கு" என்றாள் அவள்.

அவர் வாரில் புது ஓட்டை ஒன்று குத்தி, இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டார். பண்ணை கலைந்த காலத்தில் வீட்டில் விற்க முடிந்ததெல்லாம் போயிற்று. விண்வெளிச் சாமான் தேடி நகரத்திலிருந்து ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். சபர்கலி அவர்களுக்கு வழி சொன்னார், புளித்த குதிரைப்பால் குமிஸ் ஊற்றிக் கொடுத்தார். சட்டைக் கையை மட்டும் இழுத்து விட்டுக்கொண்டார். குழந்தைகளுக்குப் பூட்ஸ் இல்லாத குளிர்காலம் அது. ராபிகா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தப்பில்லை என்று அவளுக்கு இன்றைக்கும் தோன்றுவதுண்டு.

அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு மகன் மர்குலான் கரகந்தாவிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தான். ரயில்வேயில் மின்வேலை பார்க்கிறவன். பெட்டிக்குள் அதே கடிகாரம். அதே கறுப்பு முகம், அதே முட்கள், சாவியும் அதேபோல் தினம் கொடுக்க வேண்டியது. அந்தக் காலத்துக் கடிகாரத்தை இப்போது மறுபடி அதே அச்சில் செய்து விற்கிறார்கள். வார் மட்டும் மனிதக் கைக்கு ஏற்ற குட்டை வார்.

மருமகள் அய்னாஷின் அப்பா ஒஸ்பானும் அன்று வந்திருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒட்டகம் வளர்ப்பவர். மனைவி போய்ப் பல வருஷம். சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் சீண்டாமல் ஒரு கோப்பை டீ குடித்ததில்லை.

"என்ன சம்பந்தி, எழுபது வயசுல ரெட்டைப்பிள்ளை பெத்திருக்க!" என்றார் ஒஸ்பான். "ஒண்ணு வானத்துக்குப் போயிட்டு வந்தது. நீயானா அர்கலிக்கைத் தாண்டினதில்ல."

"உன் ஒட்டகம் தாண்டியிருக்கே. அது போதும் நம்ம ரெண்டு குடும்பத்துக்கும்."

சபர்கலி புதிய கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பாவம், இது எங்கயும் போகல."

"அப்பா, இனிமே பட்டிக்குப் போகும்போது இதைக் கட்டிக்குங்க. பழசைப் பெட்டியில வச்சிடுங்க. ஆடு முட்டி ஒடஞ்சா வருமா அது?"

அவர் சரி என்றார். மகன் முன்னாலேயே மாற்றிக் கட்டிக்கொண்டார். நீள வாரோடு பழைய கடிகாரம் மெத்தைகளுக்கு அடியில் மரப்பெட்டிக்குள் போயிற்று. மர்குலான் அவரைப் பட்டியில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து, அப்பாவின் கதையோடு இணையத்தில் போட்டான்.

அடுத்த வருஷம் அக்டோபரில் சபர்கலி கிணற்றடியில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டியவர், தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். அப்படியே போய்விட்டார். ஆடுகள் குடித்து முடித்துத் தாமாகவே வீட்டுக்கு வந்தன. ராபிகாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மையத்தை, உயிர் போன உடம்பை, குளிப்பாட்ட நாலு பேர் உள்ளே போனார்கள். சம்பந்தி என்ற முறையில் தண்ணீர் ஊற்றியது ஒஸ்பான். குளிப்பாட்டியவர்களுக்கு இறந்தவர் உடுத்தியது, உடம்பில் இருந்தது எல்லாம் பங்காகச் சேரவேண்டும். வீட்டுக்காரி தன் கையால் கொடுக்கவேண்டும். ஒருவருக்குக் கோட்டு, ஒருவருக்குக் குல்லாய், ஒருவருக்குப் பூட்ஸ் கொடுத்தாள். மணிக்கட்டிலிருந்து கழற்றி வைத்த குட்டை வார்க் கடிகாரத்தை ஒஸ்பானிடம் நீட்டினாள்.

"கட்டிக்குங்க சம்பந்தி. பெரிய சாமான் ஒண்ணுமில்ல. பையன் வாங்கின புதுசுதான்."

ஒஸ்பான் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

*

வசந்தத்தில், புல் தலைகாட்டும் சமயத்தில், மர்குலானுக்கு மாஸ்கோவிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவள் பெயர் அலெவ்தினா. மத்வேயின் மகள். அப்பா இறந்து மூன்று வருஷமாகிறது. அவருடைய கடிகாரத்தின் மறுபதிப்பு வருகிறதென்று வாங்கியவள், அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது, பட்டியில் நிற்கும் ஒரு கிழவரின் போட்டோவும் கதையும் கண்ணில் பட்டன. அவளிடம் ஓர் அங்கி இருக்கிறது. 'இதை யாருக்கும் தராதே, கொடுத்தவர் வீட்டில் சேரவேண்டும்' என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார். சபர்கலி போய்விட்டதையும், வருஷம் நிறையும்போது அவர் பேரில் விருந்து வைப்பதையும் மர்குலான் சொன்னான். அந்த வருஷ விருந்துக்கு வரலாமா என்று கேட்டாள். ஒரே ஒரு ஆசையும் சொன்னாள். கடிகாரத்தின் முதுகில் சின்ன வயதில் தான் கீறிய பூனை இன்னும் இருக்கிறதா? ஒரு போட்டோ அனுப்ப முடியுமா?

மர்குலான் மனைவியோடு வந்து மரப்பெட்டியைத் திறந்தான். நீள வாரைப் பிரித்தான். கடிகாரத்தைக் கவிழ்த்தான். பூனை இல்லை. பளபளவென்று கம்பெனிக்காரன் அடித்த வரிசை எண் இருந்தது.

ராபிகா அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"வாரை மாத்தியிருக்காரு" என்றான் மர்குலான். "பழைய வாரைப் புதுசுல போட்டுப் பெட்டில வச்சுட்டு, புது வாரைப் பழசுல போட்டுக் கையில கட்டியிருக்காரு. நம்ம யாருக்கும் தெரியாம."

ராபிகாவுக்குத் தையல் பெட்டியிலிருந்த குத்தூசி ஒருநாள் காணாமல்போய் மறுநாள் ஜன்னலோரம் கிடந்தது நினைவுக்கு வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது முடிவதற்குள் அழுகையும் வந்தது.

"எழுபது வயசுல திருட்டுத்தனம்! உன்கிட்ட சரின்னும் சொல்லணும், அதை விட்டுட்டும் இருக்க முடியாது. வாய் திறந்து சொன்னா என்ன?"

"அப்போ பழசு..." என்று இழுத்தான் மர்குலான்.

"எங்கப்பா கையில" என்றாள் அய்னாஷ்.

மர்குலான் எழுந்தான். "மாமாகிட்ட நான் போய்ச் சொல்லிட்டு வாங்கிட்டு வரேன்."

"உட்காரு. மையத்துப் பங்கைத் திருப்பிக் கேட்டவங்க இந்த ஊர்ல யாராவது இருக்காங்களா? உங்கப்பாவைக் கையால தொட்டுக் குளிப்பாட்டினவர்கிட்டப் போய், குடுத்தது தப்பு, எடுன்னா என்ன அர்த்தம்?"

"கேட்டா எங்கப்பா குடுத்துடுவாரு அத்தை."

"குடுத்துடுவாரு. அதுதாம்மா எனக்குப் பயம். குடுத்துட்டு அப்புறம் இந்த வாசப்படி மிதிக்க மாட்டாரு."

மர்குலான் யோசித்தான். "இதோட முதுகுல ஒரு பூனையைக் கீறிட்டா? ஒரு ஆணி போதும். குழந்தை வரைஞ்சதுதானே, எப்படி இருந்தாலும்..."

ராபிகா அவனைப் பார்த்த பார்வையில் அவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். கிராமத்தில் இணையம் சரியில்லை என்று அலெவ்தினாவிடம் சொல்லி வைத்தான்.

அன்றிலிருந்து ராபிகாவுக்குத் தூக்கம் சரியில்லை. அங்கி வந்தால் இது போகணும். நாற்பது வருஷமாக ஒரு மனுஷன் இதை ஒன்றைத்தான் தன் கடமை என்று வைத்துக்கொண்டிருந்தான். பிள்ளைகளின் பூட்ஸைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டிருந்தான். அங்கி வரப்போகிறது. அவன் இல்லை. கடிகாரத்தைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டு அவள் இருக்கிறாள். கேட்டால் சம்பந்தியின் மனசு போகும். கேட்காவிட்டால் செத்தவரின் வாக்குப் போகும்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் ஆற்றைக் கடந்து ஒஸ்பான் வீட்டுக்குப் போனாள். எப்படியாவது சுற்றி வளைத்துச் சொல்லிவிடுவது என்றுதான் போனாள். நல்ல வெயில். ஒஸ்பான் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தார். டீயை வலக்கையால் ஊற்றினார், ரொட்டியை வலக்கையால் பிய்த்தார். இடக்கை மடியைவிட்டு எழவில்லை. சட்டைக்கு அடியில் கடிகாரம் இருப்பது மேடாகத் தெரிந்தது.

மறைக்கிறார் என்று ராபிகாவுக்குப் பட்டது. ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது. மனசு கசந்தது.

"ஒட்டகம் எல்லாம் எப்படி?"

"பால் இருக்கு. புத்தி இல்ல. ஆடு?"

"ஆட்டுக்கு எப்ப இருந்துச்சு?"

இருவரும் சிரித்தார்கள். கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டே ராபிகா சொன்னாள்: "வருஷ விருந்துக்கு மாஸ்கோலருந்து அந்த விண்வெளிக்காரர் பொண்ணு வருது. அங்கியைக் கொண்டாருதாம்."

ஒஸ்பான் கெண்டியைக் கீழே வைத்தார்.

"வரட்டும். நல்லதுதான். அவன் இருந்து பார்த்திருக்கணும்."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவள் நாலடி போனதும் கூப்பிட்டார். "சம்பந்தியம்மா, வேற ஏதாவது சொல்ல வந்தீங்களா?"

"ஒண்ணுமில்ல. டீல உப்பு கொஞ்சம் தூக்கல்."

"தனியா இருக்கறவன் கை. அளவு தெரியல" என்றார் அவர்.

*

செப்டம்பரில் வருஷ விருந்து. ஒரு குதிரை அறுத்தார்கள். வெளியே இரண்டு கூடாரம் போட்டார்கள், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. எண்ணெயில் பொரிந்த மாவு உருண்டை வாசம் தெருவரை போனது. ஓதி முடித்துச் சாப்பாடு பரிமாறும் நேரத்துக்கு அர்கலிக்கிலிருந்து வாடகைக் காரில் அலெவ்தினா வந்து இறங்கினாள். குட்டையாக வெட்டிய முடி, முழங்கால் வலிபோல் ஒரு சாய்ந்த நடை. கையில் மறுபதிப்புக் கடிகாரம். தோளில் பெரிய துணிப்பை.

ராபிகாவுக்கு எதிரே உட்கார்ந்து பையைத் திறந்தாள். பூச்சி உருண்டை மணம் வந்தது. ராபிகா அங்கியை மடியில் வாங்கி விரித்தாள். சிவப்புப் பூக்கள் பழுப்பாகியிருந்தன. இடது அக்குள் கோணலாகவே இருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். பத்தொன்பது வயசுக்காரி தைத்த தையல். கழுத்துப் பட்டை தேய்ந்த இடத்தில் வேறு யாரோ நேர்த்தியாக ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

"அம்மா போட்ட ஒட்டு" என்றாள் அலெவ்தினா. ஓரளவு புரிகிற மாதிரி கசாக்கும் ரஷ்யனும் கலந்து பேசினாள். "அப்பா இதைப் போட்டுக்கிட்டுத்தான் தோட்டத்துல பனி அள்ளுவாரு. பக்கத்து வீட்டுக்காரங்க சிரிப்பாங்க. 'என்னய்யா, ஒட்டகம் மேய்க்கறியா?'ம்பாங்க. 'ஆமா, நீ எங்க ஒட்டகத்தைப் பார்த்தியா?'ம்பாரு."

பெண்கள் சிரித்தார்கள். அலெவ்தினாவும் சிரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "பூனையைப் பார்க்கலாமா?" என்றாள்.

மர்குலான் வாசலில் நின்றிருந்தான். அய்னாஷ் தலையைக் குனிந்துகொண்டாள்.

ராபிகா அங்கியோடு எழுந்தாள். கடிகாரத்துக்காகத்தான் அப்படிச் செய்தாள், எவ்வளவு சாமர்த்தியம் என்று ஊரில் பிறகு பேசிக்கொண்டார்கள். அவளுக்கே அது தெரியாது. மடியில் கனமாக இருந்த அந்தத் துணி அவர் உடுத்தியது, அவருடைய உடுப்புப் போகவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்பதுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது. நேரே ஆண்கள் கூடாரத்துக்குள் போனாள். வாயில் கறியோடு இருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். ஒஸ்பானின் பின்னால் போய் நின்று, அவர் தோள்களில் அங்கியைப் போர்த்தினாள்.

"அவர் அங்கி. குளிப்பாட்டினவருக்குச் சேர வேண்டியது. வந்து சேரத்தான் நாளாயிடுச்சு."

ஒஸ்பான் அசையவில்லை. அங்கியின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போர்த்திக்கொண்டவர் ஏதாவது கொடுக்கவேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். பக்கத்திலிருந்த ஒருவர், "ஒஸ்பான் அண்ணே, குட்டி ஒட்டகமா, பெரிய ஒட்டகமா?" என்று சீண்டினார்.

ஒஸ்பான் எழுந்து வெளியே வந்தார். அலெவ்தினா பெண்கள் கூடார வாசலில் நின்றிருந்தாள். அவள் முன்னால் நின்று, இடக்கைச் சட்டைப் பொத்தானை மெதுவாகக் கழற்றினார். துணியை மேலே தள்ளினார்.

ராபிகா எட்டிப் பார்த்தாள். உச்சிவெயில் சாய்ந்துவிட்டிருந்தது. கடிகாரம் காலை நேரத்தைக் காட்டியது. மாஸ்கோ நேரம். அவர் இறந்த பிறகு சாவி கொடுக்காமல் நின்றுபோயிருந்தாலும், யாரோ வேண்டுமென்றே மூன்று மணி பின்னால் வைத்து ஓடவிட்டிருக்கிறார்கள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"குளிப்பாட்டும்போதே தெரியும். கையிலருந்து கழட்டினது நான்தானே. முதுகுல பூனை."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? உங்க கையால குடுக்கறீங்க. அவன் பங்கு. வேணாம்னு திருப்பிக் குடுத்தா, அவனையே வேணாம்னு சொன்ன மாதிரி. நீங்க கேப்பீங்க, கேப்பீங்கன்னு ஒரு வருஷமாப் பார்த்துட்டு இருக்கேன். ஜூன்ல வந்தீங்க. இன்னைக்குக் கேட்டுடுவாங்கன்னு நெனச்சேன். டீல உப்புன்னுட்டுப் போயிட்டீங்க."

"நீங்க கையை ஒளிச்சுக்கிட்டீங்களே!"

"வெக்கம், சம்பந்தியம்மா. அடுத்தவன் அமானிதத்தைக் கட்டிக்கிட்டு உங்க முன்னால எப்படிக் கையை நீட்டுவேன்?"

ராபிகாவுக்கு ஜூன் மாதத்து அந்தக் கசப்பு ஞாபகம் வந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், போர்த்திய அங்கியின் பட்டையைச் சரிசெய்வதுபோல் இழுத்துவிட்டாள்.

ஒஸ்பான் கடிகாரத்தைக் கழற்றி, கவிழ்த்து, அலெவ்தினாவின் உள்ளங்கையில் வைத்தார். பூனை இருந்தது. நாற்பது வருஷம் ஒரு டிராக்டர்காரரின் வியர்வையில் தேய்ந்து, மங்கி, ஆனாலும் பூனைதான். வட்டத் தலை, இரண்டு காது, நாலு கால். வால் இல்லை.

"வால் போடறதுக்குள்ள அம்மா வந்துட்டாங்க" என்றாள் அலெவ்தினா. ஒஸ்பான் அவள் விரல்களை மடக்கி மூடினார்.

"இல்ல, இதை நான் எடுத்துக்க வரல. அப்பா அவருக்குக் குடுத்தது."

"அங்கி வந்தாச்சு" என்றாள் ராபிகா. "இது போகணும். அவர் சொன்னது."

மர்குலான் உள்ளே ஓடி நீள வாரைக் கொண்டுவந்தான். குட்டை வாரைக் கழற்றி அதை மாட்டினார்கள். அலெவ்தினாவின் மணிக்கட்டு மெலிந்தது. சபர்கலி குத்திய ஓட்டை அவளுக்கும் சரியாக இருந்தது, இரண்டு சுற்றுக்கு. "இது எங்க வீட்டு ஓட்டை" என்று ராபிகா விரலை வைத்துக் காட்டினாள். "கடிகாரத்தோட வரல. ஆனா நீயே வச்சுக்க."

கார் கிளம்பும்போது அலெவ்தினா, "இது ஏன் மாஸ்கோ நேரம் காட்டுது?" என்று கேட்டாள்.

"வந்தப்ப அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் ராபிகா.

ஒஸ்பான் அன்று அங்கியைக் கழற்றவில்லை. குதிரைக்கறியின் சூடு, டீயின் சூடு, செப்டம்பர் வெயில், முகமெல்லாம் வேர்வை. "கழட்டுங்கப்பா, கறி மாதிரி வெந்துடுவீங்க" என்று அய்னாஷ் கெஞ்சினாள். "குளிருதும்மா" என்று சொல்லிவிட்டு, அப்படியே மோட்டார் சைக்கிளில் ஏறி ஆற்றைக் கடந்து போனார். கோணலான அக்குள் பக்கம் துணி காற்றில் உப்பிக்கொண்டு போவதை ராபிகா தெரு முடியும்வரை பார்த்தாள்.

மறுநாள் காலையில் மீந்திருந்த புதுக் கடிகாரத்தில் அந்தக் குட்டை வாரைப் போட்டுத் தன் கையில் கட்டிக்கொண்டாள். திருகைப் பிடித்து இழுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருப்பிக் கராசு நேரத்தில் வைத்தாள். இது நம்முடையது. திருப்பலாம்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அய்னாஷ், "அத்தை, மணி என்ன?" என்று கேட்டாள்.

ராபிகா சட்டைக் கையைச் சுருட்டினாள். பார்த்தாள். உதடு அசையாமல் கூட்டினாள்.

"மத்தியானம் ஒண்ணு."

"ஒண்ணா? இப்பத்தானே மாட்டை ஓட்டிட்டுப் போனாங்க?"

ராபிகா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்துதான் ஆகியிருந்தது.